‘ஹாஸ் பீன்’ என்று ஓர் ஆளைச் சொல்வது ஏன் சுடுகிறது?

வலிகாமத்திலிருந்து உயர்தரம் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஊர் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட இறுதியாட்டத்துக்கு அந்தக் காலத்து கோல்கீப்பர் ஒருவரை அழைத்து, முன்வரிசைக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நின்ற ஒருவர் அவரைக் காட்டி, “ஹூ இஸ் தட்? சம் ஹாஸ் பீன்?” என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. “ஹாஸ் பீன் என்பது பிரசன்ட் பெர்பெக்ட்தானே? ‘இருந்திருக்கிறார்’ என்றுதானே அர்த்தம்? அது எப்படி ஓர் ஆளுக்குப் பெயராகும், அதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது, தமிழில் அதற்கு என்ன சொல்வது?” இவைதான் அவருடைய கேள்விகள்.

நல்ல கேள்விகள். பிரசன்ட் பெர்பெக்டை வகுப்பிலும் ரியூட்டரியிலும் வருடக்கணக்காகப் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காலம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பயிற்சிப் புத்தகத்தைவிட இந்த ஒரு ஏச்சு நன்றாகக் காட்டிவிடும்.

முதலில் சொல்லின் உருவத்தைப் பார்ப்போம். ‘ஹாஸ் பீன்’ இங்கே வினை அல்ல, பெயர்ச்சொல். எழுதும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறுகோடு போடுவார்கள். முன்னால் ‘எ’ வரும், பன்மையில் ‘ஹாஸ் பீன்ஸ்’ ஆகும். உச்சரிப்பும் மாறும். “ஹி ஹாஸ் பீன் சிக்” என்று சொல்லும்போது ‘ஹாஸ்’ வாய்க்குள் மெலிந்து போய்விடும். பெயராகச் சொல்லும்போது ‘ஹாஸ்’ மேல்தான் அழுத்தம் விழும். காதால் கேட்கிறவருக்கு அந்த அழுத்தம் ஒன்றே போதும், இது வினையா ஏச்சா என்று தெரிந்துவிடும். இன்றைய இளசுகள் கண்டுபிடித்த சொல்லும் அல்ல. 1600ஆம் ஆண்டளவிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பேரும் புகழும் இருந்து, இப்போது அது இல்லாத ஆள் என்பதுதான் பொருள்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். “வீ ஆர் ஹாஸ் பீன்ஸ்” என்றுதான் சொல்வார்கள். ‘நாங்கள்’ என்பதற்குப் பொருந்த ‘ஹாவ் பீன்ஸ்’ என்று மாற்றுவதில்லை. படர்க்கை ஒருமையில் இருந்தபடியே சொல் உறைந்துவிட்டது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம், அவர் காதில் விழாத தூரத்தில் நின்று சொல்கிற பேச்சு இது. முகத்துக்கு நேரே ஏசியிருந்தால் முன்னிலை வினைதான் உறைந்திருக்கும்.

ஒரு வினைத்தொடரையே தூக்கி ஓர் ஆளுக்குப் பெயராக வைப்பது தமிழுக்கும் புதிதல்ல. ‘தொட்டாற்சுருங்கி’ என்பதில் ‘தொட்டால்’ என்ற நிபந்தனையும் ‘சுருங்குதல்’ என்ற விளைவும் முழுசாக உள்ளே இருக்கின்றன. செடிக்கு வைத்த பெயரைக் கோபக்காரப் பிள்ளைக்கும் வைக்கிறோம். ‘எடுப்பார் கைப்பிள்ளை’யும் அப்படித்தான். ஆகவே வினை எப்படிப் பெயராகும் என்பதை மனதில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

சரி, அவமதிப்பு எங்கே இருக்கிறது? அது காலத்தில் இருக்கிறது, அந்த பிரசன்ட் பெர்பெக்டுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த கோல்கீப்பரை வைத்தே மூன்று வாக்கியம் எழுதிப் பார்ப்போம். “ஹி வோஸ் எ கோல்கீப்பர்.” அவர் கோல்கீப்பராக இருந்தார், அது முடிந்த கதை. இன்று அவர் என்ன செய்கிறார் என்று இந்த வாக்கியம் கேட்கவே இல்லை. இரண்டாவது, “ஹி ஹாஸ் பீன் எ கோல்கீப்பர் ஃபோர் டுவென்டி இயர்ஸ்.” இருபது வருடமாக கோல்கீப்பர், இன்றும் கோல்கீப்பர். மூன்றாவது, “ஹி ஹாஸ் பீன் எ கோல்கீப்பர், எ கோச் அண்ட் எ ரெஃபரி.” வாழ்நாளில் இந்த மூன்றையும் பார்த்தவர், அந்த அனுபவம் இன்று அவர் கையில் இருக்கிறது. பின்னிரண்டும் பிரசன்ட் பெர்பெக்ட். இரண்டுமே முகத்தை இன்றைக்குத் திருப்பி வைத்திருக்கின்றன. நடந்தது பழசு, ஆனால் அதனால் இப்போது என்ன என்பதுதான் இந்தக் காலத்தின் அக்கறை. பெயரிலேயே ‘பிரசன்ட்’ இருப்பது அதனால்தான். இதைப் பிடித்துக்கொள்ளாத மாணவர்தான் “ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே” என்று எழுதி மார்க்ஸை விடுகிறார். ‘நேற்று’ என்று நாளைச் சொன்னவுடன் கதவு மூடிவிடுகிறது, அதற்குப் பிறகு அங்கே ‘ஹாவ்’வுக்கு வேலை இல்லை.

இப்போது ‘எ ஹாஸ் பீன்’ என்பதைப் பாருங்கள். என்னவாக இருந்தார்? சொல்லவில்லை. எவ்வளவு காலம்? அதுவும் இல்லை. கோல்கீப்பர் என்ற சொல்லையும் இருபது வருடத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, ‘இருந்திருக்கிறார்’ என்பதை மட்டும் தனியே நிறுத்தி வைக்கிறார்கள். அந்தக் காலம் வழக்கம்போல இன்றைக்குத் திரும்பி “இப்போ என்ன?” என்று கேட்கிறது. பதில் சொல்ல வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. சிரிப்பு வருவது அந்த வெறுமையிலிருந்துதான். ‘வோஸ்’ என்று சொல்லியிருந்தால் ஆளைப் பழைய காலத்தோடு நிம்மதியாக விட்டிருக்கலாம். ‘ஹாஸ் பீன்’ அவரை இன்றைய வெயிலில் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, கையில் ஒன்றுமில்லை பார் என்று காட்டுகிறது.

‘பீன்’ என்ற சொல்லுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பது என்னுடைய எண்ணம். வகுப்பில் எல்லாரும் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறதே: “ஹி ஹாஸ் கோன் டு கொழும்பு” என்றால் ஆள் கொழும்புக்குப் போய்விட்டார், இன்னும் அங்கேதான் நிற்கிறார். “ஹி ஹாஸ் பீன் டு கொழும்பு” என்றால் போய்த் திரும்பி வந்துவிட்டார். ‘பீன்’ என்றால் திரும்பி வந்ததும் அதற்குள் அடக்கம். உச்சிக்கு ஏறியவர் இறங்கியும் விட்டார் என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான வினைவடிவம் கிடைக்காது.

இன்னுமொரு விஷயம் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. பிரசன்ட் பெர்பெக்டில் எழுவாயாக நிற்கிறவர் பொதுவாக உயிரோடு இருக்க வேண்டும். மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று இதற்குப் பிரபலமானது: “ஐன்ஸ்டைன் ஹாஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்” என்ற வாக்கியம் காதில் இடிக்கிறது, ஏனென்றால் ஐன்ஸ்டைன் இப்போது இல்லை. அதையே “பிரின்ஸ்டன் ஹாஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்” என்று திருப்பினால் அவ்வளவாக இடிப்பதில்லை, ஏனென்றால் பிரின்ஸ்டன் இன்றும் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கொண்டு வந்து பார்க்கலாம். காந்தி 1927இல் யாழ்ப்பாணம் வந்தார். அதை “காந்தி ஹாஸ் விசிட்டட் ஜாஃப்னா” என்று எழுதக்கூடாது, “காந்தி விசிட்டட் ஜாஃப்னா இன் 1927” என்றுதான் எழுத வேண்டும். “மெனி லீடர்ஸ் விசிட்டட்” என்பதை “ஜாஃப்னா ஹாஸ் பீன் விசிட்டட் பை மெனி லீடர்ஸ்” என்று யாழ்ப்பாணத்தை முன்னால் வைத்துச் சொன்னால் சரியாகிவிடும். யாழ்ப்பாணம் இங்கேயே இருக்கிறது.

இந்த விதி ஏச்சிலும் அப்படியே நிற்கிறது. செத்துப்போன ஒருவரை யாரும் ‘ஹாஸ் பீன்’ என்று சொல்வதில்லை. புகழின் உச்சியில் இறந்தவர் அந்தப் புகழோடேயே போய்விடுகிறார். புகழ் போன பிறகும் உயிரோடு இருப்பவருக்குத்தான் இந்தப் பட்டம். யோசித்துப் பார்த்தால், ஒருவர் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதையே அவருடைய குற்றமாக்குகிற சொல் இது. அன்று உங்களுக்குச் சிரிப்பு வராததற்கு இலக்கணத்திலேயே நியாயம் இருக்கிறது, தம்பி.

இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்கள் உண்டு. ‘நெவர் வோஸ்’ என்றால் ஒருபோதும் ஒன்றுமாக இருந்திராதவர். ‘ஹாஸ் பீன்’ ஆவது ‘நெவர் வோஸ்’ ஆக இருப்பதைவிட மேல் என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. ‘ஓல்ஸோ ரான்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வராத குதிரைகளின் பெயரை, இவையும் ஓடின என்ற தலைப்பின் கீழ் பத்திரிகையில் போடுவார்கள். தேர்தலில் கட்டுக்காசு இழந்தவரையும் இப்போது அப்படிச் சொல்கிறார்கள். ‘மைட் ஹாவ் பீன்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரசன்ட் பெர்பெக்டை வைத்து நக்கல் அடிக்கிற வேறு வழிகளும் ஆங்கிலத்தில் நிறைய இருக்கின்றன. லண்டன், கனடாவில் இருக்கிற மச்சான்மாரோடு வாட்ஸ்அப்பில் கதைக்கிறவர்களுக்கு இவை தெரிந்திருப்பது நல்லது. “நவ் யூ ஹாவ் டன் இட்” என்றால் பாராட்டு அல்ல, “இப்ப வடிவாச் செய்துபோட்டாய்” என்பதுதான். “ஹாவ் யூ குவைட் ஃபினிஷ்ட்?” என்பது முடித்துவிட்டீர்களா என்ற விசாரிப்புப் போலத் தெரியும், ஆனால் அது வாயை மூடு என்பதற்குச் சட்டை போட்ட வடிவம். “ஐ ஹாவ் சீன் பெட்டர்” என்றால் இது ஒன்றும் பெரிசில்லை. “நவ் ஐ ஹாவ் ஹேர்ட் எவ்ரிதிங்” என்றால், இந்தப் புளுகோடு கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டாயிற்று. “யூ ஹாவ் அவுட்டன் யோர்செல்ஃப்” மட்டும் இரண்டு பக்கமும் வெட்டும். சமையல் நன்றாக அமைந்த அன்று சொன்னால் மனமார்ந்த பாராட்டு, சட்டியைக் கருக்கிய அன்று சொன்னால் ஏச்சு. எல்லாவற்றிலும் விளைவு இப்போது கண்முன்னே கிடக்கிறது, அதைக் கையால் காட்டித்தான் சிரிக்கிறார்கள்.

செயப்பாட்டில் வருகிற “யூ ஹாவ் பீன் ஹாட்” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீ நன்றாக ஏமாந்துவிட்டாய் என்று அர்த்தம். இந்த அச்சில் எந்தப் பெயரையும் வினையாக்கிப் போட்டுவிடலாம். 1990களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் டாங்கோ என்ற தோடம்பழப் பானத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. உடம்பெல்லாம் செம்மஞ்சள் பூசிய ஓர் ஆள் ஓடிவந்து, பானம் குடிக்கிறவரின் இரண்டு கன்னத்திலும் அறைந்துவிட்டுப் போவார். விளம்பர வாசகத்தில் அந்தப் பானத்தின் பெயரே பிரசன்ட் பெர்பெக்ட் வினையாகி, ‘யூ ஹாவ் பீன் டாங்கோட்’ என்று நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வாசகத்தைச் சொல்லிச் சொல்லி ஒருவரையொருவர் காதோடு சேர்த்து அறையத் தொடங்கினார்கள். செவிப்பறைக்கு ஆபத்து என்று எதிர்ப்பு வந்து விளம்பரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அறைந்தவன் “நான் அறைந்தேன்” என்று சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். “நீ இப்போது அறை வாங்கியவன்” என்று மற்றவனுடைய நிலையை அறிவிக்கிறான். கேலிக்கு இந்தக் காலம் பிடித்துப்போனது அதனால்தான். செய்தவன் மறைந்துகொள்கிறான், பட்டவன் நடுவில் நிற்கிறான்.

இனித் தமிழுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கேள்வியின் கனமான பகுதி.

‘இருந்திருக்கிறார்’ என்று நீங்கள் செய்த மொழிபெயர்ப்பு இலக்கணப்படி சரி. ஆனால் தமிழில் அந்த வடிவம் வேறு வேலை செய்கிறது. காலையில் எழும்பி முற்றம் நனைந்து கிடப்பதைக் கண்டு “இரவு மழை பெய்திருக்கிறது” என்கிறோம். நாங்கள் பார்க்கவில்லை, அடையாளத்தை வைத்து அறிந்துகொள்கிறோம். ஆளைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான். பழைய படத்தில் அந்த கோல்கீப்பர் கிண்ணத்தோடு நிற்பதை ஒருவர் காண்கிறார். “அட, இவர் பெரிய ஆளாக இருந்திருக்கிறார்!” என்பார். ஏளனம் துளியும் இல்லை. இதுவரை தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற வியப்புத்தான் அதில் இருக்கிறது. ஆங்கிலம் எந்த வடிவத்தால் ஓர் ஆளைக் கீழே இறக்குகிறதோ, அதே வடிவத்தால் தமிழ் அவரை மேலே தூக்குகிறது.

அதற்காக நாங்கள் நக்கல் அடிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘விடு’ என்ற துணைவினை செயல் முடிந்ததைக் காட்டும். அதை வைத்து “வந்திட்டார் துரை”, “வெட்டிக் கிழிச்சிட்டார்” என்று சொல்லும்போது, ஒன்றும் முடியவில்லை என்பதுதான் பொருள். ‘ஆம்’ என்ற ஒட்டு கேள்விப்பட்டதைச் சொல்ல வந்தது. “பெரிய ஆளாம்” என்று கொஞ்சம் இழுத்தால், நான் நம்பவில்லை என்று அர்த்தம். பழைய இலக்கணம் சொல்கிற அ, இ, உ என்ற மூன்று சுட்டில் உகரம் மற்ற இடங்களில் பேச்சிலிருந்து போய்விட, யாழ்ப்பாணத்தில் இன்னும் புழங்குகிறது. “உவர்” என்பது சாதாரணச் சுட்டுத்தான், ஆனால் “உவர் முந்திப் பெரிய ஆளாம்” என்று உகரச் சுட்டையும் ‘ஆம்’ ஒட்டையும் சேர்த்து ஒருவர் சொன்னால், ஹாஸ் பீன் தோற்றுப்போகும்.

எங்களிடம் இருக்கிற ‘கண்டறியாத’ என்ற சொல்லையும் விட முடியாது. “உன்ர கண்டறியாத கதையை விடு”, “கண்டறியாத சமையல் செய்யிறா” என்று நாளும் பொழுதும் சொல்கிறோம். இதுவரை கண்டும் இல்லை, அறிந்தும் இல்லை என்பதுதான் சொல்லுக்குள் இருப்பது. ஆங்கிலத்தில் “ஐ ஹாவ் நெவர் சீன் சச் எ திங்” என்று முழு வாக்கியமாக வருகிற பிரசன்ட் பெர்பெக்ட் ஏளனத்தை யாழ்ப்பாணம் ஒரே பெயரெச்சத்தில் அடக்கிவிட்டது. ஆகவே பெர்பெக்டை வைத்து ஏளனம் செய்கிற வழக்கம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் செயலின் மேல், பேச்சின் மேல் போகிறது. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் ஒரு பெயருக்குள் சுருக்கித் தள்ளிவிடுவதில்லை.

அதற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே வேலை போனாலும் பெயர் போவதில்லை. தபாலதிபர் இளைப்பாறினாலும் தபாலதிபர்தான். ஓவசியர் சாகும்வரை ஓவசியர். படிப்பிப்பதை எப்போதோ விட்டுவிட்ட ரீச்சரை, அவரிடம் படிக்காதவர்கள்கூட ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். விதானையார் மறைந்து பேரப்பிள்ளைகள் கனடாவில் இருக்க, வீடு மட்டும் ‘விதானையார் வீடு’ என்று ஒழுங்கைக்கே அடையாளமாக நிற்கும். அந்தக் காலத்தில் மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து ஊரில் கல்வீடு கட்டிய பென்சன்காரர்களை ஊர் எப்படி மதித்தது என்று உங்கள் அப்பம்மாவிடம் கேட்டால் சொல்லுவா. இந்தப் பழக்கத்துக்குள் சாதி, உத்தியோகப் பெருமை எல்லாம் கலந்து இருந்தன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பட்டம் கிடைக்காதவர்களின் உழைப்புக்கு இந்த மரியாதை எட்டவில்லை. ஆனால் ஒருவர் செய்தது அவரோடு கூடவே இருக்கிறது என்ற எண்ணம் அந்தப் பழக்கத்தின் அடியில் இருந்தது. ‘யானை படுத்தாலும் குதிரை மட்டம்’ என்று சும்மா சொல்லவில்லை.

வாழ்ந்து பிறகு விழுந்துபோனவர்களுக்குத் தமிழில் ‘வாழ்ந்து கெட்டவர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதி பார்த்து ஹாஸ் பீனுக்கு இதைப் போட்டால் தவறாகிவிடும். “வாழ்ந்து கெட்ட குடும்பம், கொஞ்சம் பார்த்துச் செய்” என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் இரக்கம் இருக்கிறது, நாளைக்கு எங்களுக்கும் வரலாம் என்ற பயமும் இருக்கிறது. சிரிப்பு இல்லை.

அந்த கோல்கீப்பரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரி என் மனதில் நிற்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவருடைய கழகமும் மைதானமும் போய்விட்டன, அதற்குப் பிறகு அவர் எந்தக் கழகத்துக்கும் ஆடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயமாகி ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். இப்படிப்பட்டவருக்கு ஹாஸ் பீன் என்ற சொல் இலக்கணப்படியே பொருந்தாது. திறமை வற்றி, ரசிகர்கள் விட்டுப்போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தவரைத்தான் அது குறிக்கும். இவரை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். முன்னால் நான் சொன்ன ‘மைட் ஹாவ் பீன்’ இவருக்குத்தான் கிட்ட வருகிறது. ஆகியிருக்கக் கூடியவர், ஆக விடப்படாதவர். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலில் இடம் தவறியவர்கள், 1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் சாவகச்சேரிப் பக்கம் நடந்து, படித்த புத்தகத்தை அதோடு விட்டவர்கள், வெளிநாட்டில் தங்கள் படிப்புக்கு ஒவ்வாத வேலையில் வயது போனவர்கள், இவர்கள் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. அன்று மைதானத்தில் சிரித்தவர்களின் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

பழைய கோல்கீப்பர்களின் கையைக் கிட்டப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் எங்கள் மைதானங்களில் பலர் கையுறை இல்லாமல்தான் நின்றார்கள். மழையில் ஊறி நிறை கூடிய தோல் பந்து விரல் நுனியில் அடித்து, சின்ன விரல் ஒரு பக்கம் திரும்பி, நடுவிரல் மூட்டு தடித்து, முழுசாக மடங்காமல் இருக்கும். கைகொடுக்கும்போது தெரியும். “ஹி ஹாஸ் புரோக்கன் ஹிஸ் ஃபிங்கர்ஸ்” என்று அதைச் சொல்வதற்குத்தான் பிரசன்ட் பெர்பெக்ட் என்ற காலம் இருக்கிறது. நடந்தது அன்று, அடையாளம் இன்று கையில்.

இனி யாராவது உங்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். “ஹாஸ் பீன் வட்?” என்று திருப்பிக் கேளுங்கள். என்னவாக இருந்தவர்? வெட்டி எறிந்த பாதியைத் திரும்பக் கேட்பதுதான் அது. சொன்னவருக்குப் பதில் தெரிந்தால் வாக்கியம் நிறைந்து ஏச்சு கலைந்துவிடும். தெரியாவிட்டால், தனக்குத் தெரியாத ஆளைப் பற்றித்தான் சிரித்தேன் என்று அவருக்கே விளங்கும்.

கடைசியாக மொழிபெயர்ப்பு. ஒரே சொல் எல்லா இடத்துக்கும் சரிவராது. அரசியல்வாதியைச் சொன்னால் ‘செல்லாக்காசு’ கச்சிதமாகப் பொருந்தும். ஒரு காலத்தில் செல்லுபடியாகி இப்போது கடையில் எடுக்காத காசு என்பதால் பொருளும் ஏளனமும் இரண்டுமே வந்துவிடும். ‘காலாவதியான தலைவர்’ என்றும் இப்போது எழுதுகிறார்கள். சினிமாக்காரர் என்றால் ‘மார்க்கெட் போன நடிகர்’ என்பது பத்திரிகை வழக்கு. ஏளனம் தேவையில்லாத இடத்தில் ‘முன்னாள்’, ‘இளைப்பாறிய’, மரியாதையோடு சொல்ல ‘பழம்பெரும்’. இதே ஆளைப் பற்றி ஆங்கிலத்திலும் ‘வெட்டரன்’ என்று எழுதலாம் என்பதை மறக்க வேண்டாம். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது எழுதுகிறவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடும்.

விளையாட்டு வீரருக்கு நான் இந்தச் சொற்கள் எதையும் போடமாட்டேன், ஆண்டைப் போடுவேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஆங்கிலத்தில் அதை ‘ஹி வொன்’ என்றுதான் எழுத வேண்டும், ஆண்டு வந்த பிறகு ‘ஹாஸ்’ அங்கே நுழைய முடியாது. உங்கள் கழகம் அடுத்த வருடம் மலர் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த கோல்கீப்பர் எந்த ஆண்டு தொடக்கம் எந்த ஆண்டு வரை எந்தக் கழகத்துக்கு நின்றார், எந்தக் கிண்ணத்துக்கு ஆடினார் என்று அவரிடமே போய்க் கேட்டு, படத்தின் கீழே சிம்பிள் பாஸ்ட்டில் எழுதுங்கள்.